ஆலம்பாடிக் கவுடரும் எங்கள் பெரியப்பாவும்

கர்நாடகத்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் இப்போது முதலில் அண்ணாந்து பார்ப்பது புலிமேல் உட்கார்ந்திருக்கும் 108 அடி மாதேஸ்வரனை. 2023-இல் திறந்தார்கள். எங்கள் பேருந்திலும் அதைக் கண்டதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "உகே மாதப்பா" என்றார்கள். பெரியப்பா இருந்திருந்தால், "புலிக்கு இத்தனாம் பெரிய செலை வெச்சவங்க, மாட்டுக்காரனை எங்க வெச்சிருக்கறாங்க?" என்று கேட்டிருப்பார்.

மாட்டுக்காரன் என்று அவர் சொல்வது ஜுஞ்சே கவுடரை. மாதேஸ்வரர் ஸ்ரீசைலம் பக்கமிருந்து வந்தவர், சுத்தூர் மடத்தில் கேழ்வரகு அரைத்தவர், பிறகு 77 மலை சூழ்ந்த இந்தக் காட்டைத் தன் இடமாக்கிக்கொண்டார் என்று மலையில் பாடுவார்கள். கோயிலைக் கட்டியது ஆலம்பாடி ஜுஞ்சே கவுடர், மாடு பெருத்த பணக்காரர். ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக்கரை ஊர் ஆலம்பாடி. ஆலம்பாடி மாடு என்று உழவுக்குப் பேர்போன இனமே அந்த ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது.

கவுடர் பட்டியில் ஒரு பசு மட்டும் சாயங்காலம் வெறும் மடியோடு திரும்பும். பின்னாலேயே போய்ப் பார்த்தால் புற்றின்மேல் பாலைச் சொரிந்துகொண்டு நிற்கிறது. உள்ளே லிங்கம். இப்படிப் பசு பால் சொரிந்த கதை இல்லாத சுயம்பு லிங்கம் நம் பக்கத்தில் குறைவு. பல ஊர்க் கதைகளில் மாட்டுக்காரன் ஆத்திரத்தில் கோடாலியை ஓங்குவான், ரத்தம் வரும், அப்புறம் விழுந்து கும்பிடுவான். பெரியப்பா சொல்லும் கதையில் கவுடர் கையை ஓங்குவதே இல்லை. "மாட்டுக்குத் தெரியும்டா யாருக்குக் குடுக்கோணும்னு" என்பார். அவர் வாழ்ந்ததும் ஏறக்குறைய அப்படித்தான்.

மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரிக் காடு. விளைச்சலை நம்ப முடியாது, மாட்டை நம்பலாம். பெரியப்பா பாலாற்றுக்கு மேலே காட்டுக்குள் பட்டி போட்டுத் தங்கியவர். பெரும்பாலும் பர்கூர் மாடுகள், செம்மறை நிறம். அந்த மாட்டுக்குத் தொழுவத்தில் கட்டிப்போட்டால் ஆகாது, மலை ஏறி மேய வேண்டும். அவருக்கும் வீட்டுத் திண்ணையில் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் ஆகாது. குரங்கு கத்துகிற தினுசை வைத்துச் சிறுத்தை எந்தப் பக்கம் போகிறது என்பார். மூங்கில் ஒடிந்த இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சி, "ஆனை போயி ரொம்ப நேரம் ஆகல, சுத்திப் போலாம்" என்று எங்களைத் திருப்புவார். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் அவரே மரத்தில் குடைந்த மணி இருக்கும். உள்நாக்கின் கனத்தை மாற்றி மாற்றி வைத்திருப்பார். இருட்டில் படுத்தபடியே எந்த மாடு எழுந்து போகிறது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதுவும் திரும்பி வரும்.

வீரப்பனைத் தேடிய வருஷங்களில் காட்டுப்பட்டிக்குப் போவதே ஆபத்து என்றாகி, பாதி மாடுகளைக் கீழே இறக்கினார். 2013-இல் மலைக்காடு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. மேய்ச்சல் சுருங்கச் சுருங்க, மாடுகளை விற்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் வாரத்துக்கு விட்டார்.

வாரம் தெரியாதவர்களுக்கு: மாடு ஒருத்தருடையது, வளர்ப்பு இன்னொருத்தருடையது. ஈனுகிற கன்றில் ஆளுக்குப் பாதி, அல்லது முதல் ஈற்று வளர்த்தவனுக்கு, அடுத்தது சொந்தக்காரனுக்கு. ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பெரியப்பா மாட்டைக் கொடுத்ததோடு சரி, பங்கு கேட்டுப் போனதே இல்லை. பால் இல்லாத பச்சைப்பிள்ளைக்காரி வீட்டுக்குக் கறவை, விதைப்புக் காலத்தில் ஏர் இல்லாதவனுக்குக் காளைச் சோடி. ஊரே அவரைத் தர்மப்பிரபு என்றது. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து சாணி வாரிப் பால் கறந்த பெரியம்மாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் பட்டியே கரைந்துபோய், வீட்டில் மிஞ்சியது சொசைட்டிக்குப் பால் ஊற்ற வாங்கிய ரெண்டு ஜெர்சிக் கலப்பு.

வருஷத் திதி முடிந்த பிறகு, ஓர் அமாவாசைக்கு மலைக்குப் போனோம். பெரியம்மா, அண்ணன், நான். அவர் தீபாவளி அமாவாசை தவறாமல் நடந்தே போய்ப் பால் ஊற்றுவார். அந்தச் சமயத்தில் பேடகம்பண இனத்துச் சிறுமிகள் 101 பேர் காட்டோடையிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்து சாமிக்கு அபிஷேகம் நடக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். நாங்கள் மேட்டூர் வழியாகப் பேருந்தில் போனோம். பெரியம்மா மடியில் தூக்குவாளி. சுற்றி ஈரத்துணி. பாலாற்றுச் சோதனைச்சாவடி தாண்டியதிலிருந்து மூடியைத் திறந்து மோந்து மோந்து பார்த்தார். பால் திரிந்துவிடும் என்ற பயம் ஒன்று. "மாதப்பனுக்குப் போயி சீமை மாட்டுப் பாலக் கொண்டாறனே" என்ற புலம்பல் இன்னொன்று.

அந்தரகங்கைத் தீர்த்தத்தில் கூட்டம் நெரிந்தது. குளித்து, ஈரச்சேலையோடு வரிசையில் நின்று, பேடகம்பண அர்ச்சகர் கையில் வாளியைக் கொடுத்தோம். பால் திரியவில்லை. லிங்கத்தின்மேல் விழுந்த பால் எது, யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஒரே வெள்ளமாக ஓடியது. பெரியம்மா அங்கே அழுவார் என்று நினைத்தேன். அவர் காலி வாளியைத் திரும்பக் கேட்டு வாங்குவதிலேயே குறியாக இருந்தார்.

வெளியே ஒரு கம்சாலேக்காரர், தாளம் தட்டி மாதேஸ்வரர் கதை பாடுகிறவர். இடது உள்ளங்கையில் வெண்கலக் கிண்ணம், வலது கையில் குஞ்சம் தொங்கும் தாளத்தட்டு, கழுத்து நிறைய ருத்ராட்சம். ஜுஞ்சே கவுடர் கதையைப் பாடச் சொல்லி அண்ணன் காசு கொடுத்தான். முழுசாகப் பாட ராத்திரி பூரா ஆகும் என்று சிரித்துவிட்டு, கொஞ்சம் பாடினார். எனக்குப் பாதிக் கன்னடம்தான் புரிந்தது. தாளத்தட்டு தலைக்குமேல் சுழன்று வந்து சரியாகக் கிண்ணத்தில் விழுகிற சத்தத்துக்கு மொழி வேண்டியதில்லை.

அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்நாடகத்துக் கோபிநத்தம் ஆள், ஆனால் தமிழ்தான் பேசினார். ஊர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், எழுந்து நின்றுவிட்டார். "எங்கூட்ல இருக்கறது பூரா உங்கப்பாரு வாரத்துக்கு விட்ட மாட்டு வழிங்க. பங்கு குடுக்கறனுன்னு எத்தனையோ தடவ சொன்னங்க, வாங்கவே இல்லீங்க."

அண்ணன் பெரிய மனுசத் தோரணையில், "அதெல்லாம் எதுக்குங்க, அப்பா குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்" என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு" என்றார் பெரியம்மா. பிறகு அவரிடம், "என்ன நெறம்?"

"செம்மறைங்கம்மா. நெத்தியில சுட்டி."

"கிடாரி இருக்குதா?"

"மூணு இருக்குதுங்க."

"அதுல ஒண்ணு எனக்கு. வாரம்னா வாரந்தான். குடுத்தது அவரு, கறந்தது நானு."

அந்த மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எது வேண்டுமோ நேரில் வந்து பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். பெரியம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டு பல் விழுந்ததா, எத்தனை மாசம், தாய் எத்தனை ஈற்று என்று விசாரிக்கத் தொடங்கினார். அண்ணன் என் காதருகே குனிந்து, ஒரு கன்றுக்குட்டியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர என்னென்ன சீட்டு வேண்டும், வண்டி வாடகை எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தான்.