சுண்ணாம்புக்கல்

நவம்பர் 13, 2018

தம்பியை அப்பாவின் பக்கத்தில் இருத்திவிட்டுப் பாரிஸின் கொன்கோர்ட் வரை போய்வந்தேன். ழெ து போம் கலைக்கூடத்தில், கியூபாவில் பிறந்த கலைஞர் அனா மெந்தியெத்தாவின் படங்கள். சூப்பர் 8 படச்சுருள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சத்தமே இல்லை. 1974இல் மெக்சிகோவின் யாகுல் இடிபாடுகளுக்கு நடுவே எடுத்தது ஒன்று: தரையில் ஒரு கற்குவியல். முதலில் அவ்வளவுதான். பிறகு ஒரு கல் அசைகிறது. உள்ளே அவள் படுத்திருக்கிறாள். மூச்சு இழுக்க இழுக்கக் கற்கள் உருண்டு விழுகின்றன. நான்கு முறை பார்த்தேன். காவலாளி என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 14

அப்பாவுக்கு மூச்சு நிமிடத்துக்கு 26.

நவம்பர் 18

இன்று மெந்தியெத்தாவின் பிறந்தநாளாம். இருந்திருந்தால் எழுபது. 36 வயதில் போய்விட்டாள்.

1961இல், பன்னிரண்டு வயதில், அக்காவோடு கியூபாவிலிருந்து விமானமேற்றி அனுப்பினார்கள், பெற்றோர் அங்கேயே. வளர்ந்தது ஐயோவாவில். 1973 முதல் 1980 வரை சேற்றில், மணலில், புல்லில் தன் உருவத்தைப் பதித்துப் பதித்துப் படம் பிடித்தாள். சிலவற்றில் வெடிமருந்து நிரப்பிக் கொளுத்தினாள். பெண்ணும் பூமியும் ஒன்று என்பதுதான் பொருள் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இடமில்லாதவள் போகிற இடமெல்லாம் படுத்து அளவெடுத்துப் பார்க்கிறாள்.

நேற்றுப் பேச்சுவாக்கில் அப்பா கேட்டார்: வளவுக் கிணறு தூர்ந்திருக்குமா?

நவம்பர் 27

விளக்கேற்றினேன். வேறெதுவும் எழுத வரவில்லை.

டிசம்பர் 2

கைபேசியில் அப்பாவுக்கு ஹருக்கோ குகைகளின் படத்தைக் காட்டினேன். 1981இல் கியூபாவுக்குப் போய் அவள் பாறையில் செதுக்கிய பெண்ணுருவங்கள். அப்பா உருவங்களைப் பார்க்கவேயில்லை. திரையை விரலால் பெரிதாக்கிக் கல்லை மட்டும் பார்த்தார்.

"இது சுண்ணாம்புக்கல், பிள்ளை. உடைத்தால் மாவு கையில் ஒட்டும்."

காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குக் கல் தோண்டியவருக்குத் தெரியாதா? ஊரையே தோண்டி மூட்டைகளில் கட்டி அனுப்பினோம் என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. தாதி ஓடி வந்தாள். 1990இல் விட்டு வந்த வளவில் இப்போது என்ன நிற்கிறதென்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்குக் கவலை கிணற்றைப் பற்றி மட்டும்தான். எட்டு முழத்தில் பாறை தட்டியதாம், அதற்குக் கீழே நல்ல தண்ணீராம். மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்.

டிசம்பர் 8

சனிக்கிழமை. மஞ்சள் மேலங்கிக்காரர்களின் ஆர்ப்பாட்டம், கொன்கோர்ட் நிலையம் மூடியிருக்கிறது. அந்தக் கற்குவியலை இன்று பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. வீதியில் நின்று அழுதேன். ஒரு படத்துக்காக அழுகிறேன் என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 9

31.

டிசம்பர் 16

இரவு முழுவதும் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. ஒருமுறை ஏறவே இல்லை என்று நினைத்து எழுந்தேன், ஏறியது. கிணற்று வாளி பற்றி ஏதோ முனகினார்.

காலை எட்டு மணிக்கு மருத்துவர் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்துப்போக வேண்டும், அந்தப் பழுப்பு