பளபளப்புக்கு அடியில்

கெடாவின் தென்பகுதியில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பாடாங் செராயில் வளர்ந்தவர்களுக்கு வேலை என்றால் ஒரு காலத்தில் பால் மரமும் தோட்டத்துத் தொழிற்சாலையும்தான். 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறக்கப்பட்ட பிறகு, லைன் வீடுகளிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் அப்படித் திரும்பி, டைட்டானியம், இன்கோனல் போன்ற வெட்டுவதற்குக் கடினமான உலோகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறையில் நிலைத்தவன். இந்த வேலையில் மிக முக்கியமானது என்று நான் கருதும் ஒன்றை, இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க விரும்புகிறேன். இந்த உலோகங்களில் முடிந்த பரப்பை மட்டும் பார்த்து அதன் தரத்தைச் சொல்லிவிட முடியாது; அது எப்படி வெட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

வரைபடத்தில் பரப்பின் தரம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாகத்தான் வருகிறது. ஆர்ஏ 0.8 என்றோ 1.6 என்றோ குறித்திருப்பார்கள்; பரப்பின் மேடு பள்ளங்களின் சராசரி விலக்கத்தை மைக்ரான் கணக்கில் சொல்வது அது. சோதனைக் கருவியின் வைர முனை சில மில்லிமீட்டர் தூரம் ஊர்ந்துபோய் அந்த எண்ணைத் தந்துவிடும். லேத்தில் கடையும் வேலையாக இருந்தால் இதை முன்கூட்டியே கணக்கிடவும் முடியும். ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரமான ஃபீடை அதே எண்ணால் பெருக்கி, டூலின் நுனியில் பொருத்தும் சிறு வெட்டுத் துண்டான இன்சர்ட்டின் மூக்கு ஆரத்தைப் போல 32 மடங்கால் வகுக்க வேண்டும். 0.8 மில்லிமீட்டர் ஆரமுள்ள இன்சர்ட்டை 0.2 மில்லிமீட்டர் ஃபீடில் ஓட்டினால் 1.56 மைக்ரான் வரும். ஃபீடைப் பாதியாக்கினால் அது கால் பங்காகி 0.39க்கு இறங்கும். நன்றாக வெட்டுப்படும் எஃகில் இந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். அதனால்தான், பரப்பு வழவழப்பாக வேண்டுமென்றால் ஃபீடைக் குறைத்தால் போதும் என்ற நம்பிக்கை பிள்ளைகளின் மனத்தில் ஆழப் பதிந்துவிடுகிறது. டைட்டானியத்துக்கு வரும்போது அந்த நம்பிக்கையே முதல் இடையூறாகிறது.

விமானத் துறையில் அதிகம் பயன்படும் டைட்டானியக் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் இருக்கும்; பட்டறையில் அதைச் சிக்ஸ் ஃபோர் என்றே சொல்வோம். அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கும் கெல்வினுக்கும் ஏறக்குறைய 7 வாட். சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது 50 வாட் அளவில் இருக்கும். வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு சீவலோடும் பொருளோடும் வெளியேற வழியில்லாமல் டூலின் விளிம்பிலேயே தேங்கிவிடுகிறது. எஃகில் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓடும் கார்பைடு இன்சர்ட்டை இங்கே 50, 60 மீட்டருக்கு இறக்க வேண்டியிருப்பது இதனால்தான். விறைப்பைக் காட்டும் நெகிழ்ச்சிக் குணகமும் எஃகினுடையதில் பாதியைவிடச் சற்றே கூடுதல் என்பதால், மெல்லிய சுவருள்ள பாகம் டூலின் அழுத்தத்துக்கு விலகிக் கொடுத்து, டூல் கடந்ததும் திரும்பி வந்து அதன் பின்பக்கத்தில் உராய்கிறது. சூடேறிய டைட்டானியம் எதனோடும் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. விளிம்பில் ஒட்டியது பிய்ந்து வரும்போது கார்பைடின் துணுக்கையும் கொண்டுபோகும், அல்லது அதுவே பொருளின் பரப்பில் அப்பிக்கொள்ளும். இத்தனையும் நடந்த பிறகும் கருவி நல்ல எண்ணைக் காட்டக்கூடும் என்பதைத்தான் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

இன்கோனல் 718 இன்னொரு வகையில் தொல்லை தரும். பாதிக்குச் சற்று மேல் நிக்கல் உள்ள இந்தக் கலவை 650 டிகிரி செல்சியஸ் வரை தன் வலிமையை விடாது. ஜெட் எஞ்சினின் சூடான பகுதிகளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான், எங்கள் டூல் சீக்கிரம் செத்துப்போவதும் இதனால்தான். டூல் ஒருமுறை கடந்துபோன பரப்பு முன்பிருந்ததைவிடக் கடினமாகிவிடும், எனவே அடுத்த வெட்டு அந்தத் தோலுக்கு அடியில் புகுந்து போக வேண்டும். எல்லா வெட்டையும் ஒரே ஆழத்தில் எடுத்தால், பொருளின் மேல்தோல் இன்சர்ட்டைத் தொடும் அதே கோட்டில் ஒரு வெட்டுக்காயம் விழுந்து விளிம்பு உடைகிறது. ஆழத்தை மாற்றி மாற்றி எடுத்தால் அந்தத் தேய்மானம் பரவிவிடும். உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கும் நையோபியம், டைட்டானியக் கார்பைடுத் துகள்கள் விளிம்பைத் தேய்ப்பதோடு நிற்காமல், வெட்டும்போது தாமும் உடைந்து அல்லது பிடுங்கப்பட்டு, பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை விட்டுச் செல்கின்றன.

இவ்வாறு வெட்ட வெட்ட இறுகும் உலோகம் எங்கள் வட்டாரத்துப் பழைய பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் கண்டறிந்த, ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீஸ் கலந்த எஃகு கல்லுடைக்கும் இயந்திரங்களின் தாடைகளில் இருக்கிறது. அடிபட அடிபட அது இறுகும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் கல்குவாரிக்கும் செம்பனை ஆலைக்கும் வேலை எடுத்தவர். டூல் வெட்டாமல் கீச்சிடும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார். “வெட்டுறதுன்னா வெட்டு தம்பி, இல்லன்னா டூலை எடுத்துடு. தேய்க்காதே” என்பார். அவர் நிக்கல் கலவையைத் தொட்டதில்லை. ஆனாலும் அதைப் பற்றி நான் கேட்ட அறிவுரைகளில் இதைவிடச் சரியானது வேறில்லை.

அந்தத் தேய்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். எந்த இன்சர்ட்டின் விளிம்பும் உண்மையில் கோடு அல்ல, ஒரு சிறிய உருட்டு; புதியதிலும் அது சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை ஆரம் கொண்டிருக்கும். எடுக்கும் சீவலின் தடிமன் அந்த ஆரத்தைவிட மிகவும் குறைந்துபோனால், உலோகம் சீவலாக மேலே ஏறாமல் விளிம்புக்கு அடியில் நசுங்கிப் பின்னால் வழிகிறது. வெட்டு நின்று உழவு தொடங்கிவிட்டது என்று பொருள். ஃபீடை மேலும் மேலும் குறைப்பவர் உண்மையில் செய்வது இதைத்தான். பல்லுள்ள டூல் சுழன்று வெட்டும் மில்லிங்கில் சீவல் தடிமனாகத் தொடங்கி மெல்லியதாக முடியும் கிளைம்ப் முறையை நாங்கள் வலியுறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். எதிர்முறையில் பல் ஒவ்வொரு முறையும் பூஜ்யத் தடிமனில், அதாவது தேய்த்துக்கொண்டே, பொருளுக்குள் நுழைகிறது.

சிஜில் கெமாஹிரான் மலேசியா என்ற தொழில்திறன் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி, நான் நிறுத்தி வைத்த ஒரு டைட்டானியப் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, மீட்டர் 0.4தான் காட்டுது, கண்ணாடி மாதிரி இருக்கு, அப்புறம் ஏன் பாஸ் பண்ண மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் பாகத்தைக் காட்டவில்லை. அதை வெட்டிய இன்சர்ட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினேன். பக்கவாட்டுத் தேய்மானம் எங்கள் வரம்பைத் தாண்டி அகன்றிருந்தது. மழுங்கிய விளிம்பு பரப்பை நசுக்கி மினுக்கிவிடும். அந்த மினுக்கமே கருவிக்கு நல்ல எண்ணாகத் தெரிகிறது. அதற்கு அடியில் உலோகத்தின் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், வெட்டிய திசையில் இழுபட்டுச் சாய்ந்திருக்கும். சூடு மிகுந்திருந்தால் பரப்பைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை அழுத்தமும் உள்ளே தங்கியிருக்கும். பாகம் இயங்கும்போது திரும்பத் திரும்ப விசை ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் கிளம்ப அந்த இழுவிசை உதவுகிறது. கூரான டூலோ, சிறு குண்டுகளை வீசிப் பரப்பை அடிக்கும், பின்னர் செய்யும் ஷாட் பீனிங்கோ விட்டுச் செல்லும் அமுக்க விசை அதே விரிசலைத் தடுக்கிறது. இரண்டு பரப்புகளுக்கும் ஆர்ஏ ஒன்றாகவே இருக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு 1996 ஜூலை 6ஆம் நாள் அமெரிக்காவின் பென்சகோலாவில் நடந்ததை ஒவ்வொரு புதியவருக்கும் சொல்கிறேன். டெல்டா விமானச் சேவையின் 1288ஆம் பயணம், எம்டி-88 ரக விமானம், ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் முன்புற விசிறியைத் தாங்கும் டைட்டானிய ஹப் உடைந்து, துண்டுகள் பயணிகள் அறைக்குள் பாய்ந்தன. பயணிகள் இருவர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, விரிசல் ஒரு துளையின் சுவரில் தொடங்கியிருந்தது தெரிந்தது. அந்தப் பாகத்தைத் தயாரித்த காலத்தில் துளையிடும்போது ஏற்பட்ட கடும் சூட்டில் அந்த இடத்து உலோகத்தின் நுண்ணமைப்பு மாறி, கடினமான, எளிதில் நொறுங்கும் ஓர் அடுக்கு உண்டாகியிருந்தது. துளை இறுதி அளவுக்கு வந்த பிறகும், தயாரிப்புக் காலச் சோதனைகளுக்குப் பிறகும் அது அங்கேயே இருந்தது. பின்னாளில் வளர்ந்த விரிசலைப் பராமரிப்புச் சோதனையும் பிடிக்கத் தவறியது என்று வாரியம் கூறியது. டிரில் துளைக்குள் இருந்த நேரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த நேரத்தில் நடந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு உயிர்களை எடுத்தது. இதைச் சொல்லி முடித்ததும் பட்டறையில் பேச்சு கொஞ்ச நேரம் நின்றுவிடும், அப்படி நிற்பது நல்லதுதான்.

பரப்பின் மேடு பள்ளம் வேறு, பரப்புக்கு அடியில் உள்ள நிலை வேறு என்று பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் மெட்கட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபீல்டும் ஜான் கால்ஸும். 1964இல் அவர்கள் இதற்குப் பரப்பின் முழுமை என்ற பொருளில் ஒரு பெயரையும் தந்தார்கள். தீப்பொறியால் அரிக்கும் இடிஎம் முறையில் உருகி மீண்டும் உறைந்த வெள்ளை அடுக்கு தங்குவது, கிரைண்டிங்கில் சக்கரம் அடைத்துப்போய் எஃகு கருகுவது எல்லாம் இதற்குள் வரும். எஃகின் கருகலை நைட்டால் அமிலக் கழுவலும், டைட்டானியத்தின் மாற்றத்தை நீல அனோடைஸ் சோதனையும் நிறத்தால் காட்டிக்கொடுக்கும். தங்கிய அழுத்தத்தை, எக்ஸ்ரே கதிர்கள் உலோகத்தில் பட்டு விலகும் கோணத்தைக் கொண்டு அளக்கலாம். ஆனால் எல்லாப் பாகத்துக்கும் எல்லாச் சோதனையும் செய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது.

பால் மரம் வெட்டும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. கத்தி மழுங்கியிருந்தாலோ கை ஆழமாகப் போனாலோ பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். அன்றைக்குப் பால் வழக்கம்போல் வடியும். சில ஆண்டுகள் கழித்து, புதிதாக வளர்ந்த பட்டையில் வெட்டு அதே இடத்துக்குத் திரும்பி வரும்போதுதான் முண்டும் முடிச்சுமாகக் காயம் தெரியும்.

ஆகவே எங்கள் காவல் எல்லாம் வெட்டும் நேரத்தில்தான் இருக்க வேண்டியிருக்கிறது. இன்சர்ட்டை அது உடையும்வரை ஓட்டுவதில்லை. பக்கத் தேய்மானம் 0.3 மில்லிமீட்டர் என்பது பொதுவான ஆயுள் அளவுகோல் என்றாலும், கடைசி வெட்டுக்கு அதைவிடக் குறைந்த வரம்பு வைத்து, வெட்டிய நேரத்தைக் கணக்கிட்டு மாற்றிவிடுகிறோம். டூல் பொருளைத் தொட்டுக்கொண்டு ஓரிடத்தில் நின்று சுழலக் கூடாது. துளையிடும்போது குளிர்விக்கும் திரவமான கூலன்ட் டிரில்லின் உள்வழியாக முனைக்கே போய்ச் சீவலை வெளியே தள்ள வேண்டும். சீவல் துளைக்குள் அடைத்துக்கொண்டால் பென்சகோலாவில் நடந்ததற்கான வாசல் அங்கே திறக்கிறது. எங்கள் வெயிலில் தொட்டியின் தண்ணீர் ஆவியாகிக் கூலன்ட் கெட்டியாகிறது. அவசரத்தில் வெறுந்தண்ணீரை ஊற்றினால் நீர்த்துப்போகிறது. இரண்டும் பரப்பில் தெரியும். கூலன்ட்டின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து அளவைக் குறிப்பது அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அதைச் செய்பவரை நான் ஆர்ஏ அளப்பவருக்கு நிகராகவே மதிக்கிறேன்.

இதில் மனம் நோகும் ஒன்றும் உண்டு. விலை பேசும் மேசையில் இன்சர்ட்டின் எண்ணிக்கைதான் முதலில் குறைக்கப்படுகிறது, ஏனென்றால் பாதித் தேய்ந்த இன்சர்ட்டை எறிவது பார்ப்பவருக்கு வீண் செலவாகத் தெரிகிறது. பிறகு இரவு ஷிஃப்ட்டில் தனியாக நிற்கும் பையன், ஸ்டோரில் புதிய இன்சர்ட் கேட்கத் தயங்கி, இன்னும் ஒரு பாகம் ஓடும் என்று நினைக்கிறான். அந்த ஒரு பாகம் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் அது மினுக்கியிருக்கும். எனவே, சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தும் உரிமை மேற்பார்வையாளருக்கு மட்டுமல்ல, நேற்று வந்தவருக்கும் உண்டு என்று எங்கள் பிரிவில் எழுதி ஒட்டச் செய்தேன். ஒவ்வொரு துளைக்கும் டிரில்லின் எண், மாற்றிய நேரம், கூலன்ட் அழுத்தம், கேட்ட சத்தம் ஆகியவற்றைப் படிவத்தில் குறிக்கிறோம். சத்தத்துக்கான கட்டம் நான் கேட்டுச் சேர்த்தது. அதில் மலாயிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். ‘கீச்சிட்டது, நிறுத்திவிட்டேன்’ என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பாகம் தனியாக எடுத்து வைக்கப்படும். எழுதியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.