முத்து இரை எடுக்காத நாட்கள்

செப்டம்பர் 14

இன்று மூன்றாவது முறையாகவும் என் பந்து மலைப்பாம்பு முத்து இரையைத் தொடவில்லை. கடைசியாக அவன் எலியை விழுங்கியது ஆகஸ்ட் 17 அன்று. அதன்பிறகு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 7, இன்று என மூன்று முறை வைத்தும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பந்து மலைப்பாம்புகள் இரையை மறுப்பதில் பேர்போனவை என்பதும், வளர்ந்த ஆண் பாம்பு இனப்பெருக்கப் பருவத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் நலமாக இருக்கக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. நான்கு வாரமாக வயிறு காய்ந்து கிடக்கிற உயிரை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்க மறுக்கிறது.

தராசில் நிறுத்தேன்: 1,182 கிராம். கடைசி இரைக்கு முன் 1,205 இருந்தான். இனி இந்த எண்ணைத்தான் நம்பப்போகிறேன். பாம்பின் முகத்தைப் பார்த்துப் பசியை அறிய முடியாது. எடை மறைக்காமல் சொல்லிவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பாம்பு வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. முத்துவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 1,085 கிராம்.

செப்டம்பர் 16

காரணங்களில் ஒன்று அகப்பட்டது. அது என் கை செய்த தவறு. ஆகஸ்டு கடைசியில் பெட்டியைக் கழுவித் திரும்ப அடுக்கியபோது, தெர்மோஸ்டாட்டின் உணரியை வெப்பப் பாயின் மேலேயே ஒட்டினாற்போல் வைத்துவிட்டிருக்கிறேன். பாய் சூடானவுடனே உணரி 32 டிகிரி என்று காட்டும், தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் முத்து படுத்திருக்கும் கூட்டின் தரையோ குளிர்ந்தே கிடந்திருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியால் அந்த இடத்தை அளந்தபோது 27 டிகிரிதான் இருந்தது. வெதுவெதுப்பான பக்கத்தில் 31 முதல் 33 வரையும், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 வரையும் இருக்க வேண்டும்.

பாம்பின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியிலிருந்து வாங்கும் வெப்பத்தைக் கொண்டுதான் அது இரையைச் செரிக்கிறது; வெப்பம் போதாவிட்டால் விழுங்கிய எலி வயிற்றிலேயே கெட்டுப்போகும், பாம்பு அதைக் கக்கிவிடும். அப்படிப் பார்த்தால், இரண்டு வாரமாக முத்து இரையை மறுத்தது பிடிவாதமே அல்ல. அவன் உடம்பு தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது. உணரியைச் சரியான இடத்தில் பொருத்தி, மாலைவரை அரைமணிக்கு ஒருமுறை அளந்து பார்த்தேன். இப்போது 32.

செப்டம்பர் 20

வெப்பம் சீராகிவிட்டது. ஈரப்பதம் 45 சதவீதத்தில் கிடந்ததால், தண்ணீர்ப் பாத்திரத்தைப் பெரிதாக்கி, அடித்தளத் தேங்காய் நார்த்தூளை நனைத்து 60-க்கு மேல் கொண்டுவந்தேன். இந்தப் பாம்புகள் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கி வாழ்பவை. உடம்பின் எல்லாப் பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு நிம்மதி. என் பெட்டியிலோ இருந்த ஒரே கூட்டுக்குள் இன்னும் இரண்டு பாம்புகள் படுக்கலாம். அதை எடுத்துவிட்டு, அவன் சுருண்டால் நிறைந்துவிடும் அளவில் இரண்டு கூடுகளை, வெதுவெதுப்பான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக வைத்தேன். இடைவெளியில் உலர்ந்த இலைகளையும் மரப்பட்டைத் துண்டுகளையும் நிரப்பினேன். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டியாயிற்று.

இன்றுமுதல் அவனைக் கையில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எடை பார்ப்பதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான்.

செப்டம்பர் 28

எடை 1,170. அதைப் பார்த்துவிட்டு இரவில் இரை வைத்தேன்.

முறையை எழுதி வைக்கிறேன், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஃப்ரீஸரிலிருந்த எலியை முந்தின இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மாலையில் அதைப் பையோடு கட்டி வெந்நீரில் இருபது நிமிடம் போட்டு, உடம்பு முழுவதும் ஏறத்தாழ 38 டிகிரிக்கு வந்தபின் துடைத்து எடுத்தேன். மைக்ரோவேவில் ஒருபோதும் வைப்பதில்லை. வெளியே சூடாகத் தெரியும், உள்ளே வெந்தோ பனிக்கட்டியாகவோ கிடக்கும். உறைந்த இரையைக் கரைத்தபின் மறுபடி உறையவைப்பதும் கிடையாது.

முத்து கூட்டின் வாயில்வரை வந்தான். அவன் மேலுதட்டில் வரிசையாக உள்ள சிறு குழிகள் வெப்பத்தை உணர்பவை; இருட்டில் எலி எங்கே இருக்கிறது என்று அவைதான் காட்டிக்கொடுக்கும். நாக்கு நிதானமாக வெளியே வந்து, மேலும் கீழும் அசைந்து, உள்ளே போய், மீண்டும் வந்தது. கழுத்து வளையத் தொடங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆர்வத்தில் இடுக்கியை ஒரு விரல்கடை முன்னே நகர்த்திவிட்டேன். அவ்வளவுதான், தலை சட்டென்று உள்ளே போய்விட்டது. பிறகு வரவே இல்லை.

அக்டோபர் 5

கண்கள் பால்போல் நீலமாகிவிட்டன, வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. சட்டை உரிக்கப்போகிறான். பார்வை மங்கிய இந்த நாட்களில் பல பாம்புகள் இரையைத் தொடாது. அதனால் எதுவும் வைக்கப்போவதில்லை. தண்ணீர் மாற்றியதோடு சரி.

அக்டோபர் 13

காலையில் பார்த்தால், தண்ணீர்ப் பாத்திரத்தை ஒட்டிச் சட்டை ஒரே துண்டாகக் கிடந்தது. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன்: தலைப்பகுதியில் கண்களை மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற செதில்கள் இரண்டும் முழுதாக வந்திருக்கின்றன, வால்நுனியும் கிழியாமல் இருக்கிறது. ஈரப்பதம் சரியாகிவிட்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கூடவே எச்சமும் இருந்தது. மருத்துவருக்குக் காட்ட அதை மூடியுள்ள டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். எடை 1,151.

அக்டோபர் 15

மீண்டும் மறுப்பு. தெரிந்தவர் ஒருவர், உயிருள்ள எலியை உள்ளே விட்டால் ஒரு நொடியில் பிடித்துவிடுவான் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் நான் உடன்படவில்லை. இரை எடுக்கும் மனநிலையில் இல்லாத பாம்பின் பக்கத்தில் உயிருள்ள எலியை விட்டால், எலிதான் பாம்பைக் கடிக்கும்; முதுகுச் சதையை எலும்புவரை குதறிவிட்ட நிகழ்வுகள் உண்டு. வாயைத் திறந்து இரையைத் திணிக்கலாமா என்ற எண்ணமும் ஒரு கணம் வந்துபோனது. அது மருத்துவர் முடிவெடுத்து, மருத்துவர் கையால் நடக்க வேண்டிய காரியம். உணவுக்குழாய் கிழியலாம், பல் உடையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எலி என்றாலே அச்சம் என்று பாம்பின் மனத்தில் பதிந்துவிடும். இன்னும் ஐந்து சதவீத எடைகூடக் குறையாத பாம்புக்கு அந்தக் கொடுமை வேண்டாம்.

அக்டோபர் 19

மருத்துவரிடம் போய்வந்தோம். துணிப்பையில் சுருட்டி, வெந்நீர்ப் புட்டி வைத்த பெட்டிக்குள் கொண்டுசென்றேன். அவர் வாயைத் திறந்து ஈறுகளைப் பார்த்தார். வீக்கமோ சீழோ இல்லை. மூச்சில் சீறலோ, மூக்கில் குமிழோ இல்லை. செதில்களின் இடுக்கிலும் கண்ணைச் சுற்றிலும் பூச்சி தேடினார், எதுவும் இல்லை. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்ததிலும் ஒட்டுண்ணி தென்படவில்லை. "உடம்பில் குறையில்லை, எடை 1,085-ஐ நெருங்கினால் அழைத்து வாருங்கள், அதுவரை அவனை விட்டுவிடுங்கள்" என்றார். 'விட்டுவிடுங்கள்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை முறை கூட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை என்னை வருத்தியது.

நவம்பர் 2

இரண்டு வாரம் தண்ணீர் மாற்றியதைத் தவிரக் கை வைக்கவில்லை. எலி வைக்கவும் இல்லை. எடை 1,139. இரவில் விளக்கணைத்தபின் இலைகள் சரசரக்கும் ஓசை கேட்கிறது. இதற்குமுன் அவன் இப்படி நடமாடியதில்லை.

நவம்பர் 9

முத்து இரை எடுத்தான்!

வழக்கமாகக் கொடுக்கும் 80 கிராம் எலிக்குப் பதிலாக 50 கிராம் அளவில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நெடுநாள் வெறும் வயிறாக இருந்தவனுக்கு அதுவே போதும். அதன் தலையை மட்டும் மறுபடி வெந்நீரில் முக்கி, உடம்பைவிடச் சூடாக்கினேன். அறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்து அறை வெளிச்சம் கோடாக விழும் அளவில் கதவைத் திறந்து வைத்தேன். இடுக்கியில் எலியின் இடுப்பைப் பிடித்து, கூட்டுவாயிலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தி, கையை அசைக்காமல் இருந்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும், கை மரத்துப்போய்விட்டது. முதலில் நாக்கு, பிறகு மூக்கு, பிறகு வளைந்த கழுத்து. அடுத்து நடந்ததைக் கண் பிடிக்கவில்லை. இடுக்கியில் வெடுக்கென்ற இழுப்பு மட்டும் உணர்ந்தேன், பார்க்கும்போது எலி இரண்டு சுற்றுக்குள் இறுகிக் கிடந்தது.

நான் பின்வாங்கிச் சுவரோடு உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் இறுக்கியபடியே இருந்தான். பிறகு பிடியைத் தளர்த்தி, எலியின் தலையைத் தேடிக் கண்டுபிடித்து, இடத்தாடை, வலத்தாடை என்று மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே இழுத்தான். வால் கடைசியாக உதட்டோரம் கொஞ்ச நேரம் தொங்கி, அதுவும் போயிற்று. இரண்டு முறை வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொண்டு, வெதுவெதுப்பான கூட்டுக்குள் போய்விட்டான். 84 நாட்கள்.

நவம்பர் 12

கக்கவில்லை. மூன்று நாளாக வெதுவெதுப்பான கூட்டை விட்டு அவன் வெளியே வரவில்லை, நானும் கூட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நவம்பர் 23

இன்று இரண்டாவது எலி, 60 கிராம். விளக்கணைத்து ஏழாவது நிமிடம் பிடித்துக்கொண்டான். எடையை டிசம்பர் முதல் வாரத்தில்தான் பார்க்கப்போகிறேன். தராசை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன்.