டைகரின் முழங்கால்: நூலால் கட்டுவதா, எலும்பை வெட்டுவதா?

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் நண்டு துரத்திக்கொண்டிருந்த என் நாய் டைகர் திடீரென்று கத்திவிட்டு, பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி என்னிடம் வந்தது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று மாத்திரை தந்தார்கள். மாத்திரை இருந்தவரை நடந்தது, முடிந்ததும் மறுபடி மூன்று கால்தான். நிற்கும்போது அந்தக் காலின் நுனி மட்டும் மண்ணில் படும். உட்காரும்போது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் உங்கள் நாயிடம் கண்டால் என்னைப்போல் மூன்று வாரத்தை வீணாக்காதீர்கள். வீட்டில் இருக்கும் நம் வலிமாத்திரையையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது நஞ்சாகிவிடும்.

இரண்டாவதாகப் பார்த்த மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்டு, தொடை எலும்பை ஒரு கையாலும் கீழ்க்கால் எலும்பை மறு கையாலும் பிடித்து முன்னே தள்ளிக் காட்டினார். மேசை லாச்சி இழுபடுவதுபோல் எலும்பு முன்னுக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூட்டுக்குள் குறுக்காக ஓடும் நார் அறுந்துவிட்டது. எக்ஸ்ரேயில் நார் தெரியாதாம், மூட்டில் நீர் கோத்திருப்பதுதான் தெரியும். கடற்கரைக்குக் கூட்டிப்போனது என் பிழையா என்று கேட்டேன். இல்லை என்றார். பெரும்பாலான நாய்களில் இந்த நார் பழங்கயிறுபோல் மாதக்கணக்கில் நைந்துகொண்டே வரும், அன்றைய ஓட்டம் கடைசி இழையை அறுத்திருக்கும். அதனால்தான் ஒரு கால் போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்றக் காலும் போகிறது.

அடுத்தது, என்ன செய்வது? பதினைந்து கிலோவுக்குக் குறைந்த நாய் என்றால் ஓய்வும் எடைக் குறைப்புமே பல நேரம் போதும் என்றார். டைகர் 31 கிலோ.

முதல் வழி, மூட்டுக்கு வெளியே தடித்த நைலோன் இழையால் கட்டுவது. முழங்காலின் பின்பக்கச் சிற்றெலும்பைச் சுற்றி எடுத்து, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் துளை போட்டு முடிவார்கள். மாமா இதைக் கேட்டதும், "அது நம்மட தங்கூசிதானே?" என்றார். மீன்பிடிக்கும் நைலோன் நூலைத்தான் சொன்னார், கிட்டத்தட்ட அதேதான். அந்த இழை என்றைக்குமாக நிற்பதில்லை. சுற்றிலும் தழும்புத் திசு இறுகும்வரை தாங்கினால் போதும். சிறிய நாய்க்கு நன்றாகவே சரிவரும், செலவும் குறைவு. பாரமான, துள்ளுகிற நாயில் அதற்குள் தளர்ந்துவிடலாம்.

ரி.பி.எல்.ஓ (TPLO) என்கிற மற்ற வழி எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கும், சராசரியாக 24 பாகை அளவில். சரிவில் நிறுத்திய வண்டியின் சில்லுக்குக் கல் அண்டை கொடுப்பதுபோல, ஒவ்வோர் அடியிலும் அந்த நார்தான் சறுக்கலைப் பிடித்திருக்கிறது. கல் போனபின் வேறு கல் தேடாமல் நிலத்தையே மட்டமாக்குவதுதான் இந்தச் சத்திரசிகிச்சை. எலும்பை வளைவாக அறுத்து, சரிவு 5 பாகை அளவுக்குக் குறையும்வரை திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டுவிடுவார்கள். எலும்பின் முன்பகுதியை மட்டும் அறுத்து முன்னே நகர்த்தும் ரி.ரி.ஏ என்ற முறையும் உண்டு.

"என்ன புள்ள, நல்ல எலும்பையும் வெட்டப்போறாங்களா?" என்று அம்மா அழுதார். எனக்கும் பயம்தான். ஆனாலும் நாலு வயது, 31 கிலோ, ஒரு நிமிடம் சும்மா இராத நாய். ரி.பி.எல்.ஓதான் என்று முடிவெடுத்தேன். இரவோடு இரவாக வான் பிடித்து, பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போனோம். மூட்டைத் திறந்தபோது உள்ளே மெனிஸ்கஸ் என்கிற மெத்தைபோன்ற தட்டும் கொஞ்சம் கிழிந்திருந்ததாம், அந்தத் துண்டையும் எடுத்துவிட்டார்கள். நொண்டவிட்டே வைத்திருந்தால் அது இன்னும் நசுங்கியிருக்கும்.

உண்மையான பாடு வீட்டில்தான். எங்கள் வீட்டுத் தரை டைல்ஸ். வழுக்கினால் பிளேட் போய்விடுமே என்று எல்லா அறையிலும் பாய்களையும் சாக்குகளையும் விரித்தோம். முற்றத்து மணலில் விடவே இல்லை. வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி, ஒன்றுக்குப் போக மட்டும் வெளியே. தையலை நக்காமல் இருக்கப் பழைய வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினேன். இரண்டாவது வாரம் வலி குறைந்ததும் ஓடப் பார்த்தது. அந்த நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை, நாய்க்குக் கால் சுகமாகிவிட்டது, எலும்புக்கு இன்னும் ஆகவில்லை. அம்மா சோற்றையும் மீன்தலையையும் பாதியாக்கினார், அதுவும் அழுதுகொண்டுதான்.

எட்டாவது வாரம் எக்ஸ்ரேயில் அறுத்த கோடு மூடிக்கொண்டு வந்திருந்தது. எடை 27 கிலோ. பதினாறாவது வாரம் கல்லடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். நேரே நண்டுப் பொந்துக்குத்தான் போனது, நாலு காலிலும். இப்போது அது உட்காரும் ஒவ்வொரு முறையும் மற்றக் காலை மடக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.