செயன்முறைப் பரீட்சைக்கு ஸோம்பி சிப்பாய் செய்யப் போகிறவர்களுக்கு

அடுத்த பிரிவில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் டிப்ளோமா இறுதிச் செயன்முறைக்கு மினியேச்சர் (வண்ணம் பூசும் சிற்றுருவம்) எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். எடுக்கலாம். நான் எடுத்தது முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்கள், 1/35 அளவில் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கிட். ஒரு ஆள் ஏறத்தாழ 5 சென்டிமீற்றர் உயரம் வருவான். அவர்களை வெட்டி ஒட்டி ஸோம்பியாக்கி, ஒரு பதுங்குகுழிக் காட்சியில் நிறுத்தினேன். கிடைத்த புள்ளியில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

முதலில் சீருடை. உள்ளூர்ச் சீருடையின் சாயல்கூட வேண்டாம். கொழும்பில் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு அப்படி ஒன்றை மேசையில் வைத்தால் கதை வேறு பக்கம் போய்விடும், உங்கள் தூரிகை வேலையைப் பார்க்க ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். 1914 முதல் 1918 வரையான காலம் வசதி: பிரித்தானியக் காக்கி, ஜேர்மன் சாம்பல் பச்சை, காலில் சுற்றிய துணிப்பட்டி, நிறையச் சேறு. ஆனால் ஆண்டு கவனம். பிரித்தானிய இரும்புத் தொப்பி 1915இல்தான் வந்தது, ஜேர்மன்காரர்களுடையது 1916இல். காட்சி 1914 என்று அட்டையில் எழுதிவிட்டு இரும்புத் தொப்பி போட்டால் வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

புறக்கோட்டையில் பை நிறைய மலிவாக விற்கிற பச்சைப் பொம்மைச் சிப்பாய்களை நம்பிப் போகாதீர்கள். அவை பெரும்பாலும் பொலிஎதிலீன். வண்ணம் பிடிக்காது, பிடித்தாலும் வளைத்தவுடன் உரிந்துவிடும், பசையும் ஒட்டாது. கத்தி பழக மட்டும் நல்லது. கிட்டில் வருவது பொலிஸ்டைரீன், அதற்கான பசை இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும், அதனால் மூட்டு உறுதியாக நிற்கும். வெட்டுவதற்கு முன்னே பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவையுங்கள்.

இனி முக்கியமான விஷயம், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சிப்பாயை முதலில் உயிரோடு பூசி முடியுங்கள், அப்புறம் சாகடியுங்கள். பலர் ஆரம்பத்திலேயே பச்சைத் தோல், சிவப்பு இரத்தம் என்று இறங்கிவிடுகிறார்கள், கடைசியில் கையில் இருப்பது சீருடை மாட்டிய ஏதோ ஒரு பூதம். பொத்தான், கழுத்துப் பட்டி, இடுப்புத் தோல்வார், சப்பாத்து எல்லாவற்றையும் நாளைக்கு அணிவகுப்புக்குப் போகிறவனுக்குப் பூசுவது போல ஒழுங்காகப் பூசிவிட்டு, அதற்கு மேல்தான் கிழிசல், கறை, சேறு. அடியில் ஒழுங்கு இருந்தது தெரிந்தால்தான் மேலே உள்ள சிதைவுக்கு அர்த்தம் வரும்.

உடல் மாற்றத்திலும் அதே கணக்குத்தான். கிட்டில் வரும் சிப்பாய் தோள் இரண்டையும் மட்டமாக வைத்திருப்பான். கழுத்தில் அறுத்துத் தலையைச் சற்றே சாய்த்து ஒட்டுங்கள், ஒரு பாதத்தை உட்பக்கம் திருப்புங்கள், அதுவே பாதி வேலை. கையை முழங்கையில் வெட்டி மாற்றுவதானால் இரு பக்கமும் கைத்துளைப்பானால் துளைத்து பேப்பர் கிளிப் கம்பி செருகிய பிறகே பசை. துவக்கைக் கையிலிருந்து எடுத்துவிட வேண்டாம். என் சிப்பாய்களில் ஒருவன் துவக்கின் வாரை மட்டும் பிடித்தபடி அதைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறான், பார்க்க வந்த எல்லோரும் குனிந்தது அவனிடம்தான். கிழிந்த துணி ஓரத்துக்குப் பிளாஸ்டிக்கைக் கத்தியால் உட்பக்கமிருந்து சுரண்டி மெல்லியதாக்கினால் போதும். சதைக்கும் குடலுக்கும் எபொக்சி புட்டி, இரண்டு பகுதியைக் குழைத்தால் இறுகிவிடும் களி அது. நம் வெக்கையில் சீக்கிரம் இறுகும், அதனால் கடலை அளவுக்கு மேல் ஒரு தடவைக்குக் குழைக்காதீர்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டாது.

தோல் நிறத்துக்கு எனக்கு உதவியது மருத்துவபீடத்தில் படிக்கிற மச்சாள். படத்தைக் காட்டியதும், "முழுக்கப் பச்சையா? பச்சை முதல்ல வரறது வயித்தில வலப்பக்கம் கீழடா" என்று சிரித்தாள். பெருங்குடல் தொடங்குகிற இடம் அது, அங்கே பக்டீரியா அதிகம், தோலுக்கும் கிட்ட. இன்னொன்றும் சொன்னாள்: இதயம் நின்றதும் இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கித் தேங்கும், அங்கே ஊதா படரும், தரையில் அழுந்திய இடம் மட்டும் வெளிறியே இருக்கும். இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மல்லாந்து விழுந்து செத்தவன் என்று ஒருவனுக்குக் கதை வைத்து, முகத்தைச் சாம்பல் கலந்த வெளிர் நிறமாக விட்டு, பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் மட்டும் மெல்லிய ஊதாவை நீர்க்கக் கரைத்து இறக்கினேன். வைவாவில் சேர் அதைத் திருப்பிப் பார்த்து "இது ஏன் பின்னால் மட்டும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க என் பக்கம்தான். கண்ணுக்குத் தூய வெள்ளை வேண்டாம், மஞ்சள் கலந்த மங்கல் வெள்ளை, கருவிழி இல்லாமல்.

இரத்தம் குறைவாக. காய்ந்தது என்றால் சிவப்போடு பழுப்பும் துளி கறுப்பும், பளபளப்பு இருக்கக் கூடாது. புதிதானதற்கு டாமியா எக்ஸ்-27 கிளியர் ரெட் என்ற ஒளி ஊடுருவும் சிவப்பு வண்ணம் போல இன்னொன்று நான் பார்த்ததில்லை, ஒட்டும் பசையோடு சேர்த்து இழுத்தால் நூல் நூலாக வரும். அதை மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேற்பூச்சு) அடித்து முடித்த பிறகு கடைசியாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மினுக்கம் செத்துவிடும்.

வார்னிஷ் என்றதும் கொழும்பு ஈரப்பதம். மழை மூட்டத்தில் ஸ்பிரே அடித்தால் பிரைமர் என்ற அடிப்பூச்சு சொரசொரப்பாகும், மேட் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறிய மத்தியானத்தில், காற்றோட்டமான இடத்தில், 20 முதல் 30 சென்டிமீற்றர் தள்ளிப் பிடித்து, மெல்லிய படலமாக அடியுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பரீட்சை என்றால் ஸ்பிரேயை மறந்துவிட்டுத் தூரிகையால் பூசும் வகையை வாங்குங்கள். வேலை செய்யும்போது மேலே ஃபேன் சுற்றினால் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டியில் ஈர ஸ்பொஞ்ச், மேலே பேக்கிங் பேப்பர், அதில் வண்ணத்தை வைத்தால் மணிக்கணக்கில் தாங்கும். தூரிகை மிகச் சிறியது தேவையில்லை, நுனி கூராக நிற்கிற 1ஆம் இலக்கம் பொத்தானுக்கும் போதும்.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து ஒப்படைக் கோப்பில் ஒட்டுங்கள், முக்கியமாக அந்த உயிரோடிருக்கும் கட்டத்தை. கறை பூசிய பிறகு அடியில் என்ன இருந்தது என்று காட்ட வேறு வழி இல்லை.

பரீட்சைக்குக் கொண்டுபோக, ஒவ்வொருவனின் அடித்தட்டிலும் சிறு காந்தம் ஒட்டி, தகர பிஸ்கட் டின்னுக்குள் நிறுத்துங்கள். காலி வீதி பஸ்ஸில் நெரிசலில் நின்று வந்தாலும் ஒருவனும் சாய மாட்டான். இருக்கை கிடைத்தால் டின்னை மடியில் வையுங்கள், மேலே சாமான் தட்டில் வேண்டாம்.