பெர்க்லிக்குக் காத்திருக்கோம்

நவம்பர் 8
யூசி (கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி, பெர்க்லி அதுல ஒரு கேம்பஸ்) அப்ளிகேஷன்ல கடைசியா ஒரு பெட்டி. வேற ஏதாவது சொல்லணும்னா 550 வார்த்தைக்குள்ள எழுதலாமாம். மத்த நாலு கேள்விக்கும் 350 350 வார்த்தையா பையன் எழுதி முடிச்சுட்டான், எல்லாத்துலயும் கணக்குதான். இந்தப் பெட்டியில ஸ்கூல் போகாத அந்த ரெண்டு வருஷத்த எழுதறதா வேண்டாமான்னு சாயந்தரத்துலேருந்து அப்படியே உக்காந்துருக்கான். தோசை ஆறிப்போச்சு.

நவம்பர் 9
இவர் மறுபடி ஜிஇடி பேச்ச எடுத்துட்டார், ஹைஸ்கூல் முடிக்காதவங்க டிப்ளமோவுக்கு பதிலா எழுதறது. நாலே பரீட்சை, ஒவ்வொண்ணுலயும் 145 எடுத்தா பாஸ், கையில ஒரு சர்டிஃபிகேட் இருக்குமேங்கறார். மல்டிவேரியபிள் கால்குலஸ்ல ஏ வாங்கின பையன்ட்ட போய் இதச் சொன்னா அவனுக்கு எப்படி இருக்கும். அவன் படிக்கற டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ்ல முதல் நாளே கௌன்சிலர் தெளிவா சொன்னாங்க, பதினெட்டு வயசு ஆயிட்டா கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்ல சேர டிப்ளமோ வேண்டாம், அங்கேருந்து யூசிக்கு மாறும்போது அவங்க பாக்கறது காலேஜ்ல எடுத்த பாடமும் மார்க்கும்தான், மாத்திக்கற மாதிரி 90 க்வார்ட்டர் யூனிட் சேக்கணும், மேஜருக்கு வேணுங்கற கணக்கெல்லாம் முடிச்சிருக்கணும். இவரும் பக்கத்துலதான் இருந்தார். ஆனா வேலை போனதுலேருந்து இவருக்கு எந்தக் கதவும் தொறந்திருக்கும்னு நம்பிக்கை வரமாட்டேங்குது, அது எனக்குப் புரியுது, கோவப்பட மனசு வரல.

நவம்பர் 21
எழுதிட்டான். காட்டினான். அஞ்சே வரி. பதினொண்ணாவது பாதியில உடம்பு முடியாம நின்னேன், திரும்பப் போக முடியல, படுத்துக்கிட்டே அக்காவோட பழைய கால்குலஸ் புக்க முதல்லேருந்து போட்டேன், பதினெட்டு ஆனதும் காலேஜ்ல சேந்தேன், மிச்சத்த என் மார்க்ஷீட்ல பாத்துக்கோங்க. ஆஸ்பத்திரி பேரு, வலி, ராத்திரி ராத்திரி ஓடினது எதுவுமே இல்ல. இன்னும் கொஞ்சம் எழுதேண்டான்னேன். "போதும்மா, பரிதாபப்பட்டு எடுத்தாங்கன்னா எனக்குப் பிடிக்காது"ன்னான். பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன்.

நவம்பர் 26
அனுப்பியாச்சு. கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிக்கல.

நவம்பர் 27
நாத்தனார் திருச்சிலேருந்து வீடியோ கால். "ப்ளஸ் டூல எவ்ளோ அண்ணி எடுத்தான், நீங்க சொல்லவே இல்லையே." காலேஜ் ரெண்டாவது வருஷம் நல்லா படிக்கறான்மான்னு சொன்னேன். அதுசரி ப்ளஸ் டூ எவ்ளோன்னு திரும்ப. அவளுக்குக் கெட்ட மனசு கிடையாது. நம்ம ஊர்ல மார்க்க வெச்சுத்தான் ஒரு பிள்ளைய விசாரிக்கறோம், நானும் அப்படி விசாரிச்சு வளந்தவதான். ஆனா மூணு மாசம் எழுந்து உக்காரவே முடியாத பிள்ளை இப்ப 55ஆம் நம்பர் பஸ்ஸப் பிடிச்சு காலேஜ் போறானே, அதுக்கு எந்த ஊர்ல மார்க் போடறாங்க?

டிசம்பர் 10
ஆஸ்பத்திரில மருந்து ஏத்தற இன்ஃப்யூஷனும் ஃபைனல் எக்ஸாமும் ஒரே வாரம். தேதிய மாத்திக் கேக்கமாட்டானாம்.

ஜனவரி 29
மார்க் அப்டேட் 31க்குள்ள போடணும், போட்டுட்டான். லீனியர் அல்ஜிப்ரா ஏ மைனஸ். அந்த மைனஸ் என்ன பண்ணும்னு நெட்ல தேடித் தேடி மணி ஒண்ணாச்சு. பெர்க்லில லீனியர் அல்ஜிப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் ஒரே பாடம், இங்க ரெண்டு பாடம், ரெண்டையும் முடிச்சாதான் அது ஆகும், ஒண்ணு இப்ப ஓடுது. எந்தக் காலேஜ் பாடம் யூசில எதுக்குச் சமம்னு காட்டற அசிஸ்ட் வெப்சைட்ட இவன் பாத்தத விட நான் பாத்ததுதான் ஜாஸ்தி.

பிப்ரவரி 14
ஒண்ணும் இல்ல.

மார்ச் 1
சாப்பிடல. எடை குறைஞ்சிருக்கு. பெர்க்லி எங்கயும் ஓடிப்போகாது, நீ மொதல்ல சாப்பிடு சாமி.

மார்ச் 23
மில்பிடாஸ்ல பார்ட் ட்ரெயின் ஏறி நேரா டவுன்டவுன் பெர்க்லி. வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருந்தான், கிடைக்காம போனா ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு. நான்தான் கெளப்பினேன். கேம்பனைல் கோபுரம் 307 அடியாம், மணி அடிச்சப்ப நிமிந்துகூடப் பாக்கல, நேரா எவன்ஸ் ஹால். கணக்கு டிபார்ட்மென்ட் அங்கதான். வெறும் கான்க்ரீட், பாக்க ஒரு அழகும் கிடையாது. ஒரு க்ளாஸ்ரூம் கதவு தொறந்து கெடந்துச்சு, உள்ள ஆளே இல்ல, போர்டுல யாரோ எழுதினத அழிக்காம விட்டுட்டுப் போயிருந்தாங்க. வாசல்லயே நின்னு வரி வரியாப் படிச்சான். நடுவுல ஒரு எடத்துல, "அம்மா, இங்க ஒரு ஸ்டெப் விட்டுட்டாங்க"ன்னான். என்ன ஸ்டெப்புன்னு எனக்கு என்ன தெரியும், ஆனா அவன் மூஞ்சி அப்படித் தெளிஞ்சு பாத்து எத்தன நாளாச்சு.

ஏப்ரல் 12
யூசி டேவிஸ் வந்துருச்சு!! செப்டம்பர்லயே டேக், அதாவது ட்ரான்ஸ்ஃபருக்கு எடம் உறுதின்னு தர்ற கேரண்டி, போட்டு வெச்ச எடம், வரும்னு தெரியும், இருந்தாலும் கண்ணால பாத்தப்ப கை நடுங்கிருச்சு. யூசில ஆறு கேம்பஸ்லதான் அந்த கேரண்டி உண்டு, பெர்க்லில கிடையாது, அங்க கேக்கற ட்ரான்ஸ்ஃபர் பசங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்குத்தான் கிடைக்குதாம். இவர் ஒண்ணும் பேசாம போய் பால் வாங்கிட்டு வந்து பாயசம் வெக்கச் சொன்னார். ஜிஇடி பேச்சே வரல.

ஏப்ரல் 14
மூணு மணிக்கு முழிப்பு. அவன் ரூம்லயும் லைட்.

ஏப்ரல் 17
இப்ப ஃபைனான்சியல் எய்ட். கவர்மென்ட் உதவிப் பணத்துக்கான ஃபாஃப்ஸா ஃபார்ம்ல ஹைஸ்கூல் எப்படி முடிச்சேன்னு கேள்வி, டிப்ளமோ, ஜிஇடி, ஹோம்ஸ்கூல், எதுவும் இல்ல. எதுவும் இல்லைன்னு போட்டா காசு வராதோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, இவருக்கு வேலை இல்லாத நேரத்துல அது இல்லாம ஃபீஸ் எப்படிக் கட்டறது. பெரிய பொண்ணு உக்காந்து ரூல் எல்லாம் படிச்சுச் சொன்னா, பேச்சிலர் டிகிரிக்கு முழுசா கணக்குல எடுத்துக்கற மாதிரி ரெண்டு வருஷப் படிப்ப முடிச்ச ட்ரான்ஸ்க்ரிப்ட் இருந்தா அதுவே டிப்ளமோவுக்கு சமமாம். அப்ப இந்தக் காலேஜ் தர்ற ரெண்டு வருஷப் பட்டம், அசோசியேட் டிகிரி, அதுக்கும் பெட்டிஷன் போட்டு வெச்சுட்டா எனக்கு நிம்மதி. பட்டமெல்லாம் எதுக்கும்மா மாறத்தானே போறேன்னு அவன் அத விட்டு வெச்சிருக்கான். நாளைக்கு ஆஃபீஸ் தொறந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன், கடைசி தேதி என்னன்னு மொதல்ல கேக்கணும்.