ஆரி வகுப்பை விற்கும் வீடியோ: ஒரு எடிட்டரின் நாட்குறிப்பு

டிசம்பர் 30, 2024, திங்கள்

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, செய்கிறவர்களுக்கு இந்த மாதத்தில்தான் மூச்சுவிட நேரமிருக்காது. தை முகூர்த்தத்துக்கான பிளவுஸ்கள் எல்லாம் இப்போதுதான் ஸ்டாண்டில் ஏறும். அதற்கிடையிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஆரி கற்றுத்தரும் அக்கா எனக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார்.

அவருடைய ஆன்லைன் வகுப்புக்கான பாடங்களைப் பதிவு செய்து முடித்தாயிற்று. பாக்கி இருப்பது அதை விற்பதற்கான வீடியோ. இரண்டும் வேறு வேறு வேலை. பாடம் பார்க்கிறவர் பணம் கட்டிவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். விளம்பரம் பார்க்கிறவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். பால் பொங்குவதற்குள் சொல்லியாக வேண்டும்.

விளம்பரத் தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அச்சு ஒன்று உண்டு: முதலில் கஷ்டத்தைச் சொல், அதைக் கொஞ்சம் கிளறு, தீர்வைக் காட்டு, மாணவிகளைப் பேசவை, இலவசங்களை அடுக்கு, கடைசியில் கடிகாரத்தை ஓடவிடு. அந்த அச்சிலேயே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் யார்கிட்டயாவது இப்படிப் பேசி நீ பாத்திருக்கியா தம்பி?"

பார்த்ததில்லை.

ஜனவரி 2, 2025, வியாழன்

ஸ்கிரிப்டில் இரண்டு இடங்களை அடித்துவிட்டோம். முதலாவது, 'வீட்டிலிருந்தே மாதம் இத்தனை ஆயிரம்' என்ற வரி. இந்த வகை வீடியோக்களில் இது இல்லாமல் பார்ப்பது அபூர்வம். அக்காவிடம் படித்தவர்களில் சிலர் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். சிலர் தன் பெண்ணின் பிளவுஸுக்குப் போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊர், நேரம், கை வேகம், தெரிந்த தையல் கடை என்று பல விஷயங்களைப் பொறுத்தது அது. காட்ட ஆதாரம் இல்லாத எண்ணை எதற்குச் சொல்ல வேண்டும்? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இரண்டாவது, 'இன்னும் 15 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று ஓடும் கடிகாரம். பக்கத்தைப் புதிதாகத் திறந்தால் மறுபடி 15லிருந்து ஓடத் தொடங்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்காதவர் யார்? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, வாங்குகிறவரை ஏய்க்கும் வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அதில் உள்ள 13 வகைகளில் முதலில் நிற்பதே இந்தப் பொய் அவசரம்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பதிவு செய்த பாடத்துக்கு இருக்கை எப்படித் தீர்ந்துபோகும் என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

காலையில் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கு போட்டு, கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லிப் படம் பிடித்தேன். நன்றாகவே பேசினார். ஆனாலும் அதில் ஏதோ இல்லை. டீ குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்: "மூஞ்சியவே காட்டிக்கிட்டு இருக்கியே, கையைக் காட்ட வேணாமா? அதுவும் அடிக்கை."

ஆரி வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துணி சட்டத்தில் விறைப்பாக இருக்கும். மேல் கையில் கொக்கி முனை கொண்ட ஊசி, துணிக்குக் கீழே அடுத்த கையில் நூல். ஊசி கீழே இறங்கியதும் அடிக்கை நூலைக் கொக்கியில் சுற்றிவிட வேண்டும். பிறகு ஊசியைக் கொஞ்சம் திருப்பி மேலே இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள் அடுத்த கண்ணி, இப்படியே சங்கிலித் தையல் ஓடும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற பிரச்சினை ஒன்றுதான்: மேலே வரும்போது கொக்கி துணியில் மாட்டிக்கொள்ளும். பாதித் தப்பு ஊசியைத் திருப்புவதில் இருக்கிறது, மீதித் தப்பு அடிக்கையில். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் தெரிவது மேல் கை மட்டும். வருஷக்கணக்காக அவற்றைப் பார்த்தும் கை வரவில்லை என்று அக்காவிடம் வருகிறவர்கள் நிறைய.

முதலில் போனை ஸ்டாண்டுக்குக் கீழே மல்லாக்க வைத்துப் பிடித்தோம். ஒரே இருட்டு, அக்காவின் முழங்கை வேறு குறுக்கே. பிறகு மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் போய் வெள்ளை நெட் துணி வாங்கி வந்து சட்டத்தில் கட்டினோம். அரக்கு நிற நூல். நெட்டுக்கு அடியில் சுற்றும் கை மேலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. ஊசி இறங்குகிறது, நூல் சுற்றுகிறது, ஊசி திரும்புகிறது, கண்ணி எழுகிறது. பக்கத்தில் நின்ற அக்காவின் மகள், ஆறு வருஷமாக இதே வீட்டில் இந்த வேலையைப் பார்த்து வளர்ந்த பெண், "ஓ, கீழ இதான் நடக்குதா?" என்றாள்.

அந்தக் குரலையும் சேர்த்தே பதிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

இரண்டு வடிவம் தயார். ஒன்றில் அக்கா முகம் காட்டிப் பேசித் தொடங்குகிறார். இன்னொன்று பேச்சே இல்லாமல் நெட் துணியில் தொடங்குகிறது. இருபதாவது நொடிக்கு அப்புறம் இரண்டும் ஒன்றேதான். இசை, விலை, கடைசி வரி எதையும் மாற்றவில்லை. இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றினால் எது விற்றது என்று எப்படித் தெரியும்?

ஆர்டர் எந்த வீடியோவிலிருந்து வந்தது என்று அறிய ஒரு வழி செய்திருக்கிறேன். இரண்டிலும் வாட்ஸ்அப் இணைப்பு உண்டு. தட்டினால், அனுப்ப வேண்டிய செய்தி தானாக நிரம்பியிருக்கும். ஒன்றில் 'ஆரி வகுப்பு விவரம் வேண்டும்', மற்றதில் 'ஆரி கோர்ஸ் விவரம் வேண்டும்'. செய்தி வந்ததுமே ஊற்று எது என்று தெரிந்துவிடும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அஞ்சல்வழி பியானோ பாடம் விற்ற யு.எஸ். ஸ்கூல் ஆஃப் மியூசிக்குக்காக 1926இல் ஜான் கேப்பிள்ஸ் எழுதிய விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது: பியானோ முன்னால் உட்கார்ந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவன் வாசிக்கத் தொடங்கியதும் வாயடைத்துப் போனார்கள் என்று கதை போகும். அந்தக் காலத்து அஞ்சல் விளம்பரக்காரர்கள், வெட்டி அனுப்பும் கூப்பனில் ஒரு குறியீடு அச்சிட்டு, எந்தப் பத்திரிகையில் எந்தத் தலைப்பு ஆள் கொண்டுவந்தது என்று எண்ணினார்கள். தூரத்திலிருந்து பாடம் விற்கிறவர்களுக்கு நூறு வருஷமாக இதே கணக்குதான்.

ஜனவரி 13, திங்கள், போகி

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் ஓடுகிறது. நெட் துணி முன்னால் போகிறது. எனக்குக் கை பரபரக்கிறது, மற்றதை நிறுத்திவிடலாமா என்று. ஆனால் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நூறு பேருக்கு இரண்டு பேர் வாங்கும் ஒரு வீடியோ, மூன்று பேர் வாங்கும் இன்னொரு வீடியோ. இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி ஒவ்வொரு வீடியோவுக்கும் ஏறத்தாழ 3,800 பேர் விற்பனைப் பக்கம் வரை வந்திருக்க வேண்டும். அதற்கு அழும் காசு எங்களிடம் இல்லை. இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டாவின் இயந்திரமும் வாரத்துக்குச் சுமார் 50 விற்பனையாவது பார்த்தால்தான், விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று பழகும் 'கற்றல் கட்டம்' தாண்டும். சின்ன பட்ஜெட்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே குடியிருக்க வேண்டியதுதான். இதற்கு மேல் விளம்பரக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி.

நாலு விற்பனைக்கும் ஆறு விற்பனைக்கும் நடுவே கோடு கிழித்து 'இதுதான் வென்றது' என்று அறிவிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஜனவரி 18, சனி

எண்ணிக்கை போதவில்லை என்றால் ஆட்களைப் பார்க்க வேண்டியதுதான். அக்காவிடம் பிளவுஸ் கொடுக்க வருகிறவர்கள், தெருவில் தையல் தெரிந்தவர்கள் என்று சிலரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தேன். விளக்கக் கூடாது, 'எப்படி இருக்கு' என்று கேட்கவும் கூடாது. கேட்டால் நம் ஊரில் எல்லோரும் 'நல்லாருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

பாதிப் பேர் சத்தத்தை வைக்கவே இல்லை. குழந்தை தூங்குகிறது, அல்லது மாமியார் பக்கத்து அறையில். முகம் காட்டும் வடிவம் சத்தம் இல்லாமல் வெறும் வாயசைப்பு. எழுத்து போட்டிருந்தேன், அது சிறியது. ஓர் அம்மா நெட் துணி வந்ததும் விரலால் பின்னால் இழுத்து மறுபடி பார்த்தார், பின் இன்னொரு முறை. தன் இடக்கையை மடியில் வைத்து அதே மாதிரி சுற்றிப் பார்த்தார். அவர் வாங்குவாரா என்று தெரியாது. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இன்னொருவர் நேராகக் கடைசிக்குத் தள்ளினார். விலைதான் முதலில் வேண்டும். அதைக் கண்டதும் திரும்பி முதலிலிருந்து நிதானமாகப் பார்த்தார். விலையை ஒளித்து வைப்பதால் லாபம் என்று யார் சொன்னது?

ஜனவரி 24, வெள்ளி

முழு வீடியோவை யூடியூபிலும் ஏற்றியிருந்தோம். எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்ற கோடு பொதுவாகச் சரிந்துகொண்டே போகும். நெட் துணி வரும் இடத்தில் மட்டும் அது மேலே எழும்பி நிற்கிறது. ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ, நேராக அந்த இடத்துக்குத் தாவினாலோ அப்படி எழும்பும். இலவசங்களை அடுக்கும் இடத்தில் கோடு படியிறங்கி ஓடுகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன்.

முகப்புப் படத்துக்கு யூடியூபே மூன்று படம் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி தருகிறது. எது அதிக நேரம் பார்க்கவைத்தது என்பதை வைத்து அது முடிவு சொல்லும், இரண்டு வாரம் வரை ஆகலாம். போட்டுவிட்டோம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மாணவிகள் பேசும் பகுதி. எழுதி வாங்கிய சம்மதத்தோடுதான் எடுத்தோம். 'வாழ்க்கையே மாறிடுச்சு' என்று தொடங்கிய ஒருவரை நிறுத்தி, முதலில் போட்ட துணியைக் கொண்டுவரச் சொன்னார் அக்கா. கோணல்மாணலான மாங்காய், பாதியில் அறுந்த சங்கிலி. அதற்குப் பக்கத்தில் இப்போது போட்டது. இரண்டையும் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் கொக்கி மாட்டியது, எத்தனை நாள் எரிச்சலில் தூக்கிப் போட்டேன் என்று அவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். மெட்டீரியல் கிட் உண்டா, தையலே தெரியாதவங்க சேரலாமா, பாடம் எத்தனை மாசம் பாக்கலாம். மூன்றுக்கும் வீடியோவிலேயே பதில் சேர்த்தாயிற்று. அப்புறம் கேட்கும் கேள்விகள் குறைந்திருக்கின்றன, கேட்கிறவர்களும் வாங்கும் முடிவோடுதான் வருகிறார்கள்.

பதில் இல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது: நான் இடது கைப் பழக்கம், எனக்கு வருமா? எடிட்டிங்கில் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிவிடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்கேல்ல நம்பரெல்லாம் தலைகீழாத் தெரியும். எங்கிட்டயே இடக்கைக்காரப் பொண்ணு ஒண்ணு இருக்கு, அவளை உக்காரவச்சு எடு."

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நெட் துணி இன்னும் அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது.